தேதியில்லாக் குரல்: பாட்காஸ்ட் பிறந்த கதையும் அஞ்செட்டி மலைச்சாலையும்

சில ஆண்டுகளுக்கு முன், ரமளான் பிறை 29 அன்று மாலை, அஞ்செட்டியிலிருந்து நாட்ராம்பாளையம் செல்லும் சாலையை ஒட்டிய ஓர் உறவினர் வீட்டில் நாம் நோன்பு திறந்துவிட்டு அமர்ந்திருந்தோம். கைபேசியில் அலை விட்டுவிட்டு வரும் பகுதி அது. திடீரென்று இரண்டு கோடு அலை கிடைத்த நேரத்தில் ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது. பிறை தென்பட்டுவிட்டது, நாளை பெருநாள் என்று ஒருவர் அமைதியாக அறிவித்தார். கேட்டுப் பழகிய ஆலிம் ஒருவரின் குரல்போலவே இருந்தது. பிள்ளைகள் மருதாணியைக் கரைக்கத் தொடங்கினர். ஸஹருக்காக ஊறவைத்திருந்த அரிசியை எடுத்து வைத்துவிடலாமா என்று வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டனர். தராவீஹ் தொழுகைக்குப் புறப்பட்ட பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மேட்டுக்கு ஏறிச்சென்று தேன்கனிக்கோட்டைக்குப் பேசிய பிறகுதான் உண்மை தெரிந்தது. அன்று எங்கும் பிறை தென்படவில்லை. அந்தக் குரல் பொய்க் குரலும் அன்று. அது முந்தைய ஆண்டின் அறிவிப்பு. பேசியவர் உண்மையாளர், பேசிய செய்தியும் உண்மை. தேதி மட்டும் அதனுடன் வரவில்லை. அந்த ஒரு குறையால் ஒரு நோன்பு நம் கையைவிட்டு நழுவ இருந்தது.

குரலைப் பதிந்து ஊரெங்கும் அனுப்பும் இந்த வித்தை எங்கிருந்து வந்தது? அதைக் கண்டவர்கள் குரலோடு பெயரையும் தேதியையும் சேர்த்து அனுப்ப வழி செய்திருந்தார்களா? செய்திருந்தால் அந்த வழி எங்கே காணாமற்போயிற்று? அன்றிரவு எழுந்த இக்கேள்விகளுக்கு விடை தேடியபோது, பாட்காஸ்ட் எனப்படும் வலையொலியின் தொடக்க வரலாற்றில் வந்து நின்றோம். அதையே இங்கே எழுதுகிறோம்.

பேழைக்குள் அடங்கிய குரல்

கதை கணினியில் தொடங்கவில்லை, ஒலிநாடாவில் தொடங்குகிறது. 1963 இல் பெர்லினில் நடந்த வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய கேசட்டை அறிமுகப்படுத்தியது. லூ ஆட்டன்ஸ் என்பவரின் தலைமையில் உருவான அந்தப் பேழை சட்டைப்பையில் அடங்கியது. அதுவரை குரலை ஊருக்குக் கேட்கச் செய்ய வானொலி நிலையமோ இசைத்தட்டு நிறுவனமோ வேண்டியிருந்தது. கேசட் வந்தபின் ஒரு பதிவுக்கருவி போதும் என்றாயிற்று.

நம் சமுதாயம் இதை எவ்வளவு விரைவாகத் தழுவிக்கொண்டது என்பதை நம் வீட்டு அலமாரிகளே சொல்லும். நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாடல்கள், ஊர் ஊராக நடந்த பயான்கள், குர்ஆன் ஓதல்கள் என்று வரிசையாகப் பேழைகள் இருந்தன. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் கடிதத்திற்குப் பதிலாகத் தம் குரலைப் பதிந்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பினர். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் அதே நாடாவின் மறுபக்கத்தில் பதில் பேசி அனுப்பினர். அந்தப் பேழைகளின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கும். யார் பேசியது, எந்த ஊர், எந்த நாள் என்று அதில் எழுதியிருக்கும். இந்தத் தாளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கதை முழுவதும் இது நம்முடன் வரும்.

குர்ஆனும் இதே காலத்தில்தான் முழுமையாக ஒலிப்பதிவானது. 1961 இல் எகிப்தில் ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி ஓதிய முழுக் குர்ஆன் வெளியிடப்பட்டது. 1964 இல் கெய்ரோவில் குர்ஆனுக்கென்றே தனி வானொலி தொடங்கப்பட்டது. ஓதுபவர் யார், எந்த முறைப்படி ஓதுகிறார் என்பது அத்தகைய பதிவுகளில் தெளிவாகக் குறிக்கப்பட்டது. பெயரறியாத குரலை ஓதலில் நாம் என்றும் ஏற்றதில்லை.

வானொலி எட்டாத மேடுகள்

கேசட் வந்தபின்னும் அன்றாடச் செய்திக்கு வானொலியே துணையாக இருந்தது. அஞ்செட்டி, உரிகம், நாட்ராம்பாளையம் பக்கத்து மலைகளில் மத்திய அலையே ஊன்றுகோல். மத்திய அலை தரையை ஒட்டியும் பரவும், மேடு பள்ளங்களை ஓரளவு தாண்டிவரும். பெங்களூரு வானொலியின் 612 கிலோஹெர்ட்ஸ் அத்தகைய அலைதான். பண்பலையோ பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும், குன்று குறுக்கிட்டால் நின்றுவிடும்.

இரவில் சிற்றலையில் பி.பி.சி.யின் தமிழோசை வரும். 1941 இல் தொடங்கிய அந்தத் தமிழ்ச் சேவையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகளுக்கும் தமிழ்நாட்டில் அன்பான நேயர்கள் இருந்தனர். ஆனால் இவை அனைத்திலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வானொலி பேசும் நேரத்தில் நாம் அங்கிருக்க வேண்டும். தொழுகை நேரத்தில் வந்தாலும், மாடு கறக்கும் நேரத்தில் வந்தாலும், தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

பேசுபவர்களுக்கும் கட்டுப்பாடு இருந்தது. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை, ஒலிபரப்பு அரசின் தனியுரிமையாகவே இருந்தது. அதன் பிறகு கதவு மெல்லத் திறந்தது. 2001 ஜூலை 3 அன்று நம் எல்லைக்கு அப்பால் பெங்களூருவில் நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அண்ணா பண்பலை தொடங்கியது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுவே. கல்வி நிறுவனங்கள் அல்லாத சமுதாய அமைப்புகளுக்கும் அந்த வாய்ப்பு 2006 இன் இறுதியில்தான் கிடைத்தது. உரிமம், அலைவரிசை, கோபுரம், செலவு என்ற நான்கும் இருந்தால்தான் குரல் என்பது அப்போதும் மாறவில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நம் வீடுகளில் தக்கினி உருது, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடமும் தெலுங்கும் என்று நான்கு மொழிகள் கலந்து புழங்குகின்றன. நம் நானிமார்கள் பேசும் தக்கினிக்கு எந்த அலைவரிசை இடம் கொடுத்தது? அலைவரிசை குறைவாகவும் உரிமம் அரிதாகவும் இருக்கும் இடத்தில், சிறு மொழிக்கும் சிறு ஊருக்கும் முறை வராது. இந்தத் தடையை உடைத்ததுதான் அடுத்து வந்த மாற்றம்.

காத்திருப்புக்கு ஒரு மருந்து

இணையத்தில் குரலை அனுப்பும் முயற்சி 1993 லேயே நடந்தது. அவ்வாண்டு கார்ல் மலமூத் என்ற அமெரிக்கர் இணைய வானொலி ஒன்றைத் தொடங்கி, கணினித் துறையினரைப் பேட்டி கண்டு ஒலிக்கோப்புகளாக வழங்கினார். கேட்கத்தான் வழியில்லை. கோப்புகள் பெரியவை, கம்பிகள் மெல்லியவை. ஒலியைச் சுருக்கும் எம்.பி.3 முறையை ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வகத்தார் உள்ளிட்டோர் உருவாக்கினர். அந்தக் கோப்புக்குரிய பெயர் 1995 இல் முடிவாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது.

சுருக்கிய பின்னும் சிக்கல் தீரவில்லை. நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். வழக்கமான 128 கிலோபிட் தரத்தில் அரைமணி நேரப் பேச்சு ஏறத்தாழ 29 எம்.பி. இருக்கும். தொலைபேசிக் கம்பிவழி 56 கிலோபிட் வேகத்தில், ஒரு தடங்கலும் இல்லாமல் இறங்கினாலே, 1 மணி 8 நிமிடம் பிடிக்கும். அரைமணி நேரம் கேட்க ஒரு மணி நேரம் காத்திருப்பது! நம் நாட்டில் அகலக்கற்றைக் கொள்கை 2004 இல் வந்தபோது, 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அகலக்கற்றை என்றனர். அதிலும் கால் மணி நேரம் ஆகும்.

ஆடம் கரி என்ற ஒளிபரப்பாளர் 2000 ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி சொன்னார். கம்பி மெதுவாக இருந்தால் இருக்கட்டும். நாம் கணினியைப் பயன்படுத்தாத வேளையில், இரவில் நாம் உறங்கும்போது, கோப்பு தானே வந்து இறங்கட்டும். காலையில் எழுந்து தொட்டவுடன் காத்திருக்காமல் ஒலிக்கட்டும். டேவ் வைனர் என்ற நிரலாளர் அதை நடைமுறையாக்கினார். இணையத்தளங்களில் புதிதாக வந்தவற்றைத் தெரிவிக்க ஆர்.எஸ்.எஸ். என்ற ஓடை முறை ஏற்கெனவே இருந்தது. அதனுடன் ஒலிக்கோப்பையும் இணைத்து அனுப்பும் வசதியை 2000 டிசம்பரில் அவர் சேர்த்தார். 2001 ஜனவரியில் தம் தளத்திலேயே அதைச் சோதித்துக் காட்டினார்.

ஓடை என்ற தமிழ்ச்சொல் இதற்கு நன்கு பொருந்துகிறது. அஞ்செட்டி வழியே ஓடிக் காவிரியில் கலக்கும் தொட்டல்லா ஆற்றின் பெயருக்குக் கன்னடத்தில் பெரிய ஓடை என்றே பொருள். மழை பெய்யும்போது நீர் தானே வந்து சேரும். நாம் தொட்டியை மட்டும் வைத்திருந்தால் போதும். பாட்காஸ்ட் ஓடையும் அப்படியே. ஒருமுறை சந்தா கொடுத்துவிட்டால் (பெரும்பாலும் காசில்லாச் சந்தா) புதிய பகுதி வந்தவுடன் தானே இறங்கிச் சேமித்துக்கொள்ளும்.

இங்கே நாம் தேடிய விடையும் கிடைக்கிறது. அந்த ஓடையில் ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு, வெளியிட்டவர், வெளியான தேதியும் நேரமும், மூலக்கோப்பு இருக்கும் முகவரி, அதன் அளவு ஆகியவற்றைக் குறிக்க இடம் வைக்கப்பட்டது. கேசட்டின் மேல் நாம் ஒட்டிய அதே தாள்தான். குரலோடு அடையாளமும் பிரியாமல் வரட்டும் என்பது தொடக்கத்திலேயே ஏற்பாட்டில் இருந்தது.

பெயர் வந்த வாரம்

2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாடை வெளியிட்டது. 5 ஜி.பி. கொள்ளளவு, 399 டாலர் விலை. அதற்கு இணைய இணைப்பு கிடையாது. கணினியில் இறக்கியதை அதில் ஏற்றிக்கொண்டு எங்கும் எடுத்துச் செல்லலாம். 2003 ஜூலையில், பாஸ்டன் வானொலியில் புகழ்பெற்றிருந்த கிறிஸ்டோபர் லைடன், வைனரின் துணையுடன் தம் பேட்டிகளை ஓடைவழி வெளியிடத் தொடங்கினார். நிலையமில்லாத வானொலியாளராக ஒருவர் நிற்க முடியும் என்பது அப்போது கண்கூடாயிற்று.

இதற்குப் பெயர் வேண்டுமே? 2004 பிப்ரவரி 12 அன்று லண்டனின் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில், இதை என்னவென்று அழைப்பது என்று கேட்டு மூன்று பெயர்களைப் போகிற போக்கில் அடுக்கினார். அவற்றுள் ஒன்று பாட்காஸ்டிங். நம் கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து பிரிந்து பிறந்தது அதே ஆண்டு பிப்ரவரி 9 அன்று. ஒரே வாரத்தில் பெயர் பெற்ற இரண்டும் ஒன்றையொன்று அறிந்திருக்கவில்லை. ஆயினும் மலை மாவட்டத்துக்கு ஏற்ற வித்தை ஒன்று உண்டென்றால் அது இதுவே என்பது இன்று நமக்குத் தெரிகிறது.

2004 ஆகஸ்டில் ஆடம் கரி தாமே அன்றாட நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். 2005 ஜூன் 28 அன்று ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்ட் பட்டியல் சேர்க்கப்பட்டது. இரண்டே நாளில் 10 லட்சம் சந்தாக்கள் பதிவாயின. அவ்வாண்டின் சொல்லாக பாட்காஸ்டைப் புதிய ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதி தேர்ந்தெடுத்தது.

இது எப்படி வேலை செய்கிறது?

தொடக்கக்கால பாட்காஸ்டுகளில் கணிசமானவை தொழில்நுட்ப உதவிக் குறிப்புகளாகவே இருந்தன. லியோ லபோர்ட் என்பவர் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் மக்களின் கணினிச் சந்தேகங்களுக்கு விடை சொல்லிவந்தவர். 2005 ஏப்ரலில் அவர் தொடங்கிய வாராந்திர பாட்காஸ்ட் பெருங்கூட்டத்தை ஈர்த்தது. அவருக்கும் முன்னோடியாக, 1991 முதல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் வால்ட் மாஸ்பெர்க் தனிநபர் தொழில்நுட்பம் பற்றிய பத்தியை எழுதினார். கணினி கடினமாக இருப்பது பயன்படுத்துபவரின் குற்றம் அன்று என்ற நிலைப்பாட்டுடனேயே அவர் தொடங்கினார். கருவியைக் கண்டு அஞ்சும் முதியவருக்கு இதைவிட ஆறுதல் என்ன வேண்டும்?

தமிழிலும் இப்பணி நடந்தது. திங்கள்தோறும் தினமலருடன் வந்த கம்ப்யூட்டர் மலரும், தமிழ் கம்ப்யூட்டர் இதழும் எத்தனையோ சிற்றூர் இளைஞர்களுக்கு முதல் ஆசிரியர்கள். அறிவியலைத் தமிழில் சொல்லச் சொல் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் உழைத்தவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்த மணவை முஸ்தபா அவர்கள். யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக இருந்த அவர், கணினிக் கலைச்சொற்களுக்கென்று தனி அகராதியே தொகுத்தளித்தார். 2017 பிப்ரவரியில் அவர் மறைந்தார். தன் மொழியில் சொல் இருந்தால்தான் பாமரருக்கும் கருவி வசப்படும் என்பது அவர் விட்டுச்சென்ற பாடம்.

மெமரி கார்டு கடையும் குரல்பதிவும்

நம் வட்டாரத்தில் ஐபாடு யாரிடம் இருந்தது? இங்கே அந்த இடத்தை எடுத்துக்கொண்டது மலிவுக் கைபேசியும் மெமரி கார்டும். பேருந்து நிலையத்தை ஒட்டிய கைபேசிக் கடையில் கார்டைக் கொடுத்தால், சில ரூபாய்க்குப் பாடல்களும் பயான்களும் ஏற்றித் தருவார்கள். கடைக்காரரின் கணினியே நம் ஓடை, வாரச்சந்தை நாளே நம் இறக்க நேரம். மலைக்குத் திரும்பியபின் ஒரு வாரத்துக்குக் கேட்கலாம். அமெரிக்காவில் இரவுதோறும் நடந்ததை நாம் வாரந்தோறும் செய்தோம்.

ஒன்று மட்டும் அப்போதே தொலைந்தது. கடைக்காரரின் கோப்புகளுக்குப் பெயர் இருக்காது. பயான் 1, பயான் 2 என்று எண் மட்டுமே இருக்கும். பேழையின் மேல் ஒட்டிய தாள் கிழிந்தது அங்கேதான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலை வீழ்ந்தபின், கடைக்குப் போகும் தேவையும் போயிற்று. வாட்ஸ்அப் குரல்பதிவு எல்லார் கைக்கும் வந்தது. எழுதத் தெரியாதவருக்கும் அது பேச்சுரிமை கொடுத்தது. நானிமாரின் தக்கினிக்கும் முதன்முறையாக இடம் கிடைத்தது. அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி அனுப்பும்போது முதலில் பேசியவரின் பெயரும் நாளும் உதிர்ந்துவிடுகின்றன. மிஞ்சுவது வெறும் குரல். 2018 இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. வதந்தியை நம்பி அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டதற்குப் பிறகே அந்த வரம்பு வந்தது என்பதை மறக்கக்கூடாது.

அறிவிப்பாளர் தொடர்

பெயரில்லாக் குரலின் ஆபத்தை உலகுக்கு முன்பே அறிந்த சமுதாயம் நாம். ஒரு நபிமொழியை யார் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்ற இஸ்னாத் எனும் அறிவிப்பாளர் தொடர் இல்லாமல் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. கி.பி. 810 முதல் 870 வரை வாழ்ந்த இமாம் புகாரி அவர்கள் நெடும் பயணங்கள் மேற்கொண்டது இத்தொடர்களைத் தேடியே. இரு அறிவிப்பாளர்கள் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, சந்தித்திருக்க முடியுமா என்று ஆண்டுக் கணக்கைக்கூட அறிஞர்கள் ஆராய்ந்தனர். அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை ஆராய்வதற்கென்றே தனிக்கலை வளர்ந்தது. ஒருவர் கொண்டுவரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் 6 ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது.

நிரலாளர் ஒருவர் எழுதிய ஓடையை ஹதீஸ் கலையுடன் சமமாக வைக்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். யார், எப்போது, எங்கிருந்து என்று கேட்கும் ஒழுங்கு இரண்டிலும் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறோம். அந்த ஒழுங்கில் வளர்ந்த நாமே, பெருநாள் எது என்பதைத் தேதியில்லாக் குரலிடம் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்றிரவு நமக்கு வெட்கம் தந்தது அதுதான்.

இனி ஆபத்து இன்னும் கூடும். ஒருவரின் குரலைச் சில நொடிகள் பதிந்துகொண்டு, அவர் பேசாததைப் பேசவைக்கும் கருவிகள் வந்துவிட்டன. மகனின் குரலில் பணம் கேட்டால் தாய் மறுப்பாளா? குரல் தெரிந்தது என்பது இனிச் சான்றாகாது.

நம் வீட்டுக்குச் சில குறிப்புகள்

வரலாறு படித்ததன் பயன் நடைமுறையில் தெரிய வேண்டும். ஆகவே, நாம் நம் வீடுகளில் கடைப்பிடித்துவரும் சிலவற்றைப் பகிர்ந்துகொள்கிறோம்.

முதலாவது, பாட்காஸ்ட் செயலியில் வைபை உள்ள இடத்தில் மட்டும் இறக்குமாறும், கேட்டு முடித்ததை அழிக்குமாறும் அமைத்துக்கொள்ளலாம். ஓசூரில் வேலை முடிந்து புறப்படுமுன் இறக்கிக்கொண்டால், தேன்கனிக்கோட்டை தாண்டிக் காட்டுச்சாலையில் அலை அறுந்தாலும் குரல் அறுவதில்லை. பேச்சுக்கு உயர்ந்த தரம் தேவையில்லை. 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு 29 எம்.பி.க்குள் அடங்கும். காணொளியாகப் பார்த்தால் இதைப் போல் பல மடங்கு செலவாகும்.

இரண்டாவது, வாட்ஸ்அப்பில் வரும் பதிவின்மேல் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரட்டை அம்பு இருந்தால் அது பல கைகள் மாறி வந்தது. அனுப்பியவர் நம் உறவினராக இருக்கலாம், பேசியவர் அவர் அல்லர். நேரடியாக அவரிடமே, உங்களுக்கு யார் அனுப்பியது என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

மூன்றாவது, நாம் பதியும் குரலின் தொடக்கத்தில் ஸலாம் சொன்னவுடன் நம் பெயர், ஊர், அன்றைய தேதி மூன்றையும் சொல்லிவிடுவோம். ஜனாஸா அறிவிப்பு, பிறை அறிவிப்பு, இரத்தம் வேண்டுதல் ஆகியவற்றில் இது கட்டாயம். ஐந்து நொடி வேலை இது. பல நாள் கழித்து எங்கோ ஒருவர் கலங்காமலிருக்க இது போதும்.

நான்காவது, பணம் கேட்டுக் குரல் வந்தால் அதை நிறுத்திவிட்டு, நமக்கு முன்பே தெரிந்த எண்ணுக்கு நாமே அழைத்துப் பேச வேண்டும். கைபேசிக்கு வரும் கடவு எண்ணை எவரிடமும் சொல்லக்கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும். ஏமாந்த பெரியவரை வீட்டார் ஏசாமலிருப்பதும் முக்கியம். ஏச்சுக்கு அஞ்சி மறைப்பதாலேயே பல இழப்புகள் மீட்க முடியாமற்போகின்றன.

ஐந்தாவது, இருசக்கர வண்டியில் செல்லும்போது காதில் ஒலிப்பான் வேண்டாம். யானை நடமாடும் அஞ்செட்டிச் சாலையில் காது திறந்திருப்பது உயிர் காக்கும் கருவி.

உறை செய்யும் ஊர்

பாட்காஸ்டுக்குப் பெயர் தந்த ஐபாடின் உற்பத்தி 2022 மே மாதம் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தைப் பிடித்த ஐபோனின் உறைகள் இன்று ஓசூரை அடுத்த டாடா ஆலையில் தயாராகின்றன. ஒரு காலத்தில் டைட்டன் கடிகாரத்தால் அறியப்பட்ட ஓசூர் இப்போது உலகத்தின் கைபேசிக்கு உறை செய்கிறது. நம் பிள்ளைகளும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் ஷிப்டு வண்டியில் போய்வரும் வட்டாரம் இது. உறையை நாம் செய்கிறோம், அதற்குள் ஒலிக்கும் குரல் யாருடையது என்று கேட்கும் பொறுப்பும் நம்முடையதாகவே இருக்கட்டும்.

வானொலிக் காலத்தில் பேசுபவருக்கு உரிமம் வேண்டியிருந்தது, சரிபார்ப்பவர் நிலையத்தில் இருந்தார். பாட்காஸ்ட் அந்த உரிமத்தை நீக்கியது. நீக்கியபோது சரிபார்க்கும் வேலையைக் கேட்பவரிடம் ஒப்படைத்தது, அதற்குத் துணையாகப் பெயரையும் தேதியையும் ஓடையில் வைத்தது. ஓடையை விட்டுவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக்கொண்டது நம் தவறு.

அன்றிரவு மேட்டிலிருந்து இறங்கிவந்து செய்தியைச் சொன்னபோது, வாசலில் நின்ற பெரியவர் ஒன்றும் பேசாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தராவீஹுக்கு நடந்தார். பிள்ளைகள் முகம் வாடினாலும், மருதாணி ஒரு நாள் காத்திருந்தது. மறுநாள் ஸஹருக்கு அந்த அரிசிதான் சோறாயிற்று. முப்பதாவது நோன்பும் நிறைவாயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

செய்தியைத் தீர விசாரிக்கும் நிதானத்தையும், நாம் பேசுவதற்கு நாமே பொறுப்பேற்கும் துணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.